ஆத்து மணலை விடுங்க, சிரட்டைக் குருணை இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தோட்டத்து சம்பளம், லயத்துக் கூரை, ரோடு, டீச்சர் இல்லாத ஸ்கூல் எல்லாம் வருது, வரவும் வேணும், ஆனா தோட்ட வேல வேணாம்னு டவுனுக்கு இறங்கின பசங்க அங்க என்ன வேல பாக்கிறாங்க, அந்த வேல அவங்க உடம்ப என்ன பண்ணுதுன்னு எழுதுறது ரொம்பக் கொறவு. ஹட்டன்ல இருந்து டிக்கோயா நோர்வூட் வரைக்கும், இந்தப் பக்கம் கொட்டகலை தலவாக்கலை நானுஓயா வரைக்கும் பஸ் ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும், ரோட்டோரம் முழுக்க கராஜ், லேத் பட்டறை, டிங்கர் பெயின்ட் வேர்க்‌ஷொப். அங்க பாஸ்மார்னு சொல்ற மேஸ்திரிமார்கிட்ட கோலயாவா, அதாவது வேல பழகுற எடுபிடியா நிக்கிற பசங்க முக்கால்வாசி நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க தான்.

அதுல ஒரு வேல பத்தி மட்டும் இந்தக் கடிதம். சேன்ட் ப்ளாஸ்டிங். தெரியாதவங்களுக்கு சொல்றேன், கொம்பிரஸர் காத்த ஒரு நொசில் வழியா விட்டு அதோட மணலையும் சேத்து வேகமா அடிச்சா இரும்புல இருக்கிற துரு, பழைய பெயின்ட், புகைக்கரி எல்லாம் உரிஞ்சு வந்துரும், கம்பி பிரஷ் வச்சு ஒரு நாள் முழுக்கத் தேய்க்கிற சாமான் பத்து நிமிசத்துல பளபளன்னு ஆயிரும், அதனால எல்லாருக்கும் இது புடிக்கும். எனக்கும் புடிக்கும், நான் முந்தி டீ பெக்டரில பிட்டரா இருந்தவன், இப்ப சொந்தமா சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கேன், ப்ளாஸ்டிங் வேணாம்னு சொல்ல வரல. அடிக்கிற பொருள் தான் தப்பு. இங்க பல எடத்துல ஆத்து மணலை சலிச்சு, காய வச்சு, அப்படியே மெஷின்ல கொட்டுறாங்க, அடிக்கிற பையன் வாயில ஒரு சட்டைத்துணியக் கட்டிக்கிட்டு நிக்கிறான்.

ஆத்து மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. அது வேகமா போயி இரும்புல மோதும்போது சும்மா தெறிச்சு விழாது, ஒடையும், ஒடைஞ்சு மாவு மாதிரி ஆகும், அந்த மாவுல கண்ணுக்குத் தெரியாத பகுதி தான் ஆபத்து, ஏன்னா கண்ணுக்குத் தெரியிற தூசு மூக்குல தொண்டையில நின்னுரும், தும்முனா போயிரும், இது நேரா நுரையீரல் அடி வரைக்கும் போயி அங்கயே ஒக்காந்துக்கும். உடம்பு அத கரைக்க முடியாம சுத்தித் தழும்பு கட்டும், தழும்பு கட்டுன எடத்துல காத்து போகாது. இதுக்குப் பேரு சிலிகோசிஸ். வந்தா திருப்புறதுக்கு மருந்து கெடையாது. சுரங்கத்துல கல்லு ஒடைக்கிறவங்களுக்கு இருவது வருசம் போயி வர்றது, மூடுன எடத்துல மணல் அடிக்கிறவனுக்கு நாலஞ்சு வருசத்துலயே வந்துரலாம், தூசு ரொம்பக் கூடுனா அதுக்கும் முந்தியே. இன்னொண்ணு, சிலிக்கா ஏறுன நுரையீரல்ல டீபீ சுலபமா புடிக்கும். அதனால பையன் இருமிக்கிட்டு கிளினிக்குக்குப் போனா டீபீன்னு சொல்லி மருந்து குடுப்பாங்க, அது சரியான மருந்தாவும் இருக்கலாம், ஆனா நீ என்ன வேல பாக்கிறன்னு கேட்டா தானே அடியில கெடக்கிற மத்தது தெரியும். நம்ம பசங்களும் சொல்ல மாட்டாங்க, கராஜ்னு ஒரு வார்த்தையோட முடிச்சிருவாங்க.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. பிலடெல்பியாவைச் சேந்த பெஞ்சமின் டில்மன்ங்கிறவர் 1870ல மணல் அடிக்கிற முறைக்கு பேட்டன்ட் எடுத்தாரு. அவ்வளவு தொழில் நடத்துன இங்கிலாந்தே 1949ல சட்டம் போட்டு ப்ளாஸ்டிங்ல சிலிக்கா மணலைத் தடை பண்ணிருச்சு. அமெரிக்காவுல தொழில் சுகாதார நிறுவனம் 1974ல இதையே சொன்னுச்சு, நூத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல சிலிக்கா இருக்கிற எதையும் ப்ளாஸ்டிங்குக்கு எடுக்காதீங்கன்னு. 1997ல உலக புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தூச புற்றுநோய் வரவைக்கிற முதல் பட்டியல்ல சேத்துச்சு. துருக்கியில ஜீன்ஸ் துணிய பழசு மாதிரி வெளுக்க வைக்க மணல் அடிச்ச எளந்தாரிப் பசங்க வரிசையா சிலிகோசிஸ்ல விழுந்து, 2009ல தான் அரசாங்கம் அத நிப்பாட்டுச்சு. நம்ம நாட்டுலயும் 1942ஆம் வருசத்து 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வேல செய்ற எடத்துல தூசு விஷயம் அதுலயும் வருது. ஆனா தகரம் அடிச்ச ஒரு கொட்டில்ல ரெண்டு பேர் வேல செய்ற எடத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் ஏறி வரப்போறாரு.

இதெல்லாம் சொன்னா பாஸ்மார் கேப்பாங்க, அப்ப எத வச்சு அடிக்கிறதுன்னு. அலுமினியம் ஒட்சைட், கிளாஸ் பீட்ஸ், கார்னெட்னு இருக்கு, எல்லாம் கொழும்புல இருந்து வரணும். அதுக்கு முந்தி நம்ம காலடியில கெடக்கிறத பாப்போம். தேங்கா சிரட்டை.

வெளிநாட்டுல இந்த வேலைக்கு வால்நட் ஓட்ட ஒடைச்சு எடுக்கிறாங்க, பீச் கொட்டை, ஏப்ரிகொட் கொட்டை, ஒலிவ் கொட்டை, சோளப்பொத்தி நடுத்தண்டு எல்லாம் அடிக்கிறாங்க. பெரிய கேஸ் டர்பைன்ல கம்பிரஸர் பிளேட்ல ஒட்டுன அழுக்க எடுக்க, மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வால்நட் ஓட்டுத் தூளையும் அரிசியையும் உள்ள போட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு, பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அழுக்கு மட்டும் போயிரும், மிச்சம் நெருப்புல எரிஞ்சிரும். வால்நட் இங்க காய்க்காது. சிரட்டையும் அதே மாதிரி கெட்டியான ஓடு தான், அதே வேலைய செய்யும்.

ஏன் செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும், இது புரிஞ்சா தான் எங்க அடிக்கலாம் எங்க அடிக்கக்கூடாதுன்னு தெரியும். மோஸ்னு ஒரு கடினத்தன்மை அளவு இருக்கு, வைரம் 10, குவார்ட்ஸ் மணல் 7, கொட்டை ஓடு வகையெல்லாம் 3, 4 அந்தப் பக்கம். அதோட கனமும் மணல்ல பாதி தான். ஒரே வேகத்துல போனாலும் பாதி அடி தான் விழும், மோதும்போது கொஞ்சம் நெகிழ்ந்தும் குடுக்கும். அதனால மேல ஒட்டியிருக்கிற காபன், கிரீஸ் காஞ்ச பக்கு, வார்னிஷ், பழைய பெயின்ட், இதெல்லாம் உரியும், ஆனா கீழ இருக்கிற உலோகத்துல பள்ளம் விழாது, அளவு மாறாது. மணல் இதுக்கு நேர் எதிர், அழுக்கையும் எடுக்கும் அலுமினியத்தையும் திங்கும். த்ரீவீல் காபரேட்டர், பிஸ்டன், சிலிண்டர் ஹெட், பித்தளை புஷ், இதெல்லாத்தையும் மணல்ல அடிச்சு வெள்ளையா குடுத்தா கஸ்டமருக்கு சந்தோசம் தான், ஆனா ஜொயின்ட் வைக்கிற முகம் சொரசொரன்னு ஆகி ஒயில் லீக் ஆரம்பிக்கும், மணல் துணுக்கு அலுமினியத்துல குத்திக்கிட்டு நிக்கும், எஞ்சின் சூடாகும்போது ஒண்ணொண்ணா கழண்டு ஒயில்ல சேந்து பேரிங்க அரைக்கும். ரெண்டு மாசத்துல திரும்பி வந்தா பார்ட்ஸ் டூப்ளிகேட்னு கதை சொல்லி அனுப்பிருவாங்க.

இப்ப ரோட்டுல ஓடுற ஹொண்டா வெசல் கார்ல வர்ற மாதிரி டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்கள எடுத்துக்கோங்க. பெற்றோல் நேரா சிலிண்டருக்குள்ள பாயிறதால இன்டேக் வால்வ் மேல பெற்றோல் படவே படாது, முந்தின எஞ்சின்ல பெற்றோலே வால்வ கழுவி விட்டுரும், இதுல கழுவ ஆளில்ல, ஒயில் ஆவி வந்து வந்து வால்வ் தண்டுல கருப்பா கட்டிக்கும். இதுக்கு வெளிநாட்டுல வழக்கமா செய்றது வால்நட் ப்ளாஸ்டிங் தான், இன்டேக் மேனிஃபோல்ட கழட்டி, அந்த சிலிண்டரோட வால்வ் மூடியிருக்கிறத உறுதி பண்ணிக்கிட்டு, ஒரு பக்கம் வெக்யூம் போட்டு உறிஞ்சிக்கிட்டே மறுபக்கம் அடிப்பாங்க. வால்வ் தொறந்திருந்தா குருணை சிலிண்டருக்குள்ள போயிரும், அது இன்னொரு செலவு.

நான் வேல பாத்த பக்கத்துக்கு வர்றேன். டீ பெக்டரில ரோலர் மேசையில பித்தளைக் கட்டைங்க பதிச்சிருக்கும், கொழுந்து சாறு காஞ்சு கருப்பா பக்கு கட்டும், ட்ரையர் ஃபேன்ல புகையும் டீத் தூசும் சேந்து ஒட்டும், ஃபேன்ல ஒரு பக்கம் மட்டும் அழுக்கு கூடுனா பெலன்ஸ் போயி பேரிங் ஆடும். சில பெக்டரியில இன்னும் பெல்ஃபாஸ்ட்ல செஞ்ச பழைய சிரோக்கோ மெஷின் நிக்குது, அந்தக் காலத்துப் பார்ட்ஸ் இப்ப எந்தக் கடையில கெடைக்கும், இருக்கிறத தேய்க்காம பாத்துக்கணும். இதுக்கெல்லாம் சிரட்டைக் குருணை ஏத்த சாமான். இன்னொரு காரணமும் இருக்கு. டீக்கு ஐஎஸ்ஓ 3720னு ஒரு தரம் இருக்கு, அதுல டீய எரிச்சா மிஞ்சுற, அமிலத்துல கரையாத சாம்பல் நூத்துக்கு 1 வீதத்துக்கு மேல போகக்கூடாது, அந்த சோதனை புடிக்கிறதே முக்கியமா மணலும் மண்ணும் தான். டீ தொடுற மெஷின் பார்ட்ல மணல் அடிச்சு சரியா கழுவாம மாட்டுனா அது எங்க போயி சேரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சிரட்டை அடிச்சாலும் கழுவித்தான் மாட்டணும், சோம்பேறித்தனத்துக்கு எந்தக் குருணையும் மருந்தில்ல.

சிரட்டையால முடியாத வேலையும் இருக்கு, அத மறைச்சு எழுதுனா நாளைக்கு யாராவது செஞ்சு பாத்துட்டு என்னத் திட்டுவாங்க. லொறி சேசிஸ்ல பொருக்குப் பொருக்கா புடிச்ச துரு, புது இரும்புத் தகட்டு மேல வர்ற நீலக் கருப்புப் பொருக்கு, இது எதுவும் சிரட்டைக்கு அசையாது. பெயின்ட் நல்லா புடிக்கணும்னா இரும்பு மேல கொஞ்சம் சொரசொரப்பு வேணும், சிரட்டை அந்த சொரசொரப்பையும் குடுக்காது. அந்த வேலைக்கு கார்னெட்டோ ஸ்டீல் கிரிட்டோ தான், அதுக்கும் ஆத்து மணல் வேணாம். சோளப்பொத்தித் தண்டு இன்னும் மெத்து, ஆனா எண்ணெய நல்லா உறிஞ்சும், மொனராகலைப் பக்கம் சோளம் உதுத்துட்டு தண்ட சும்மா எரிக்கிறாங்க. உமிய வச்சு அடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. உமியில சிலிக்கா நெறைய இருக்கு, பச்சையா இருக்கிற வரைக்கும் அது படிகமில்ல, ரொம்ப சூட்டுல எரிஞ்சா படிகமா மாறும், அதனால உமிச்சாம்பல மட்டும் கிட்டயே கொண்டு வராதீங்க.

செய்ற விதம். சிரட்டையில தும்பு ஒண்ணும் இல்லாம செரண்டி எடுத்து, வெயில்ல நல்லா காய வச்சு, ஒடைச்சு அரைக்கணும், ரவை அளவுல வேணும், அரை மில்லிமீட்டர்ல இருந்து முக்கா மில்லிமீட்டர் வரைக்கும். மாவா போனத சலிச்சு ஒதுக்கிருங்க, அது தூசு தான் கெளப்பும். மிளகா மில்லுல குடுத்தா அரைச்சுத் தர மாட்டாங்க, கல்லு போயிரும்னு சண்டைக்கு வருவாங்க, நியாயம் தான், ஹெமர் மில் வேணும். பிரஷர் 40ல இருந்து 80 பிஎஸ்ஐ போதும், மணலுக்கு வைக்கிற 100ல வச்சா குருணை ஒரே அடியில தூளாயிரும், காசு நஷ்டம். சரியா வச்சா சலிச்சு சலிச்சு பல தடவ பாவிக்கலாம். அடிக்க முந்தி பார்ட்ட மண்ணெண்ணெயோ டிகிரீசரோ போட்டுக் கழுவி நல்லா காய வச்சிருங்க, இல்லாட்டி கிரீஸ் எல்லாம் குருணையில ஒட்டி மொத்த மூட்டையும் கெட்டுப் போகும். ஒயில் போற ஓட்டை, நூல் வெட்டுன ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிட்டு அடிக்கணும், அப்புறமும் காத்தடிச்சுக் கழுவணும்.

மலைநாட்டுக்குன்னு ரெண்டு தொல்ல தனியா இருக்கு. ஒண்ணு ஈரம். மூடுபனி எறங்குற நேரத்துல கொம்பிரஸர் டேங்குக்குள்ள தண்ணி சேந்துரும், சிரட்டையும் சோளத்தண்டும் ஈரத்த இழுத்து கட்டியாகி நொசில்ல அடைக்கும், வச்ச மூட்டையில பூஞ்சணமும் புடிக்கும். டேங்க காலையில தெறந்து தண்ணி விட்டுட்டு, லைன்ல ஒரு வோட்டர் ட்ரெப் போட்டு, மூட்டைய நிலத்துல வைக்காம பலகை மேல வைங்க. மத்தது உசரம். நுவரெலியா 1868 மீட்டர், அங்க காத்தோட அழுத்தமே கடல் மட்டத்துல இருக்கிறதுல ஐஞ்சுல நாலு பங்கு தான், அதனால கொழும்புல ஒரு நொசிலுக்குக் காத்து பத்துற அதே கொம்பிரஸர் இங்க மூச்சு வாங்கும். மெஷின் பழுதுன்னு திருப்பிக் குடுக்காதீங்க, சின்ன நொசில் போட்டா ஓடும்.

சிலிக்கா இல்லன்னதும் மாஸ்க் வேணாம்னு நெனைக்கிறவங்க இருப்பாங்க. சிரட்டைத் தூசும் தூசு தான், நெஞ்ச அடைக்கும், சில பேருக்கு வீசிங் வரும். அத விட முக்கியம், உரிச்சு எடுக்கிற பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அது எத வச்சு அடிச்சாலும் காத்துல பறக்கும். கண்ணாடி போட்ட பெட்டிக்குள்ள கைய விட்டு அடிக்கிற கெபினட் தான் சரி, பழைய பரலை வெட்டி, கண்ணாடியும் கையுறையும் பொருத்தி, பின்னால உறிஞ்சுற ஃபேன் வச்சு வெல்டிங் தெரிஞ்ச எவனும் செஞ்சிரலாம். அப்பவும் கெபினட்ட தெறக்கும்போது என்95 மாஸ்க் வேணும், சட்டைத்துணி பத்தாது. கெபினட்டுக்கும் நொசிலுக்கும் எர்த் வயர் குடுங்க, ஏன்னா குருணை உரசிக்கிட்டு ஓடும்போது நிலைமின் சேந்து பொறி வரலாம், சிரட்டை மாவு எரியிற பொருள், மூடுன எடத்துல காத்தோட கலந்து நிக்கும்போது ஒரு பொறி பட்டா வெடிக்கும், மா மில்லும் சீனி பெக்டரியும் வெடிச்சது இந்தக் காரணத்தால தான். பக்கத்துல வெல்டிங், கேஸ் கட்டிங் வேணாம், வேல முடிஞ்சதும் தூசக் கூட்டி அள்ளிருங்க. அள்ளுனத மரக்கறித் தோட்டத்துல பசளை மாதிரி கொட்டிராதீங்க. சிரட்டை மக்கும் சரி, அதுல ஒட்டுன பெயின்டும் ஒயிலும் மக்காது, மழை வந்தா நேரா ஓடைக்குப் போகும், அந்த ஓடைத் தண்ணிய தான் கீழ இருக்கிற லயத்துல குடிக்கிறாங்க.

சரி, குருணை எங்க வாங்குறது. இது தான் உங்க பேப்பர் மூலமா நான் கேக்க வந்தது. குருநாகல் புத்தளம் பக்கம் சிரட்டை அரைக்கிற மில்லுங்க ஏற்கனவே இருக்கு, கரி சுட்டு எக்டிவேட்டட் காபன் ஏத்துமதி பண்றாங்க, சிரட்டை மாவு நுளம்புச்சுருளுக்கும் போகுது. மாவா அரைக்கிறவங்களுக்கு சல்லடைய மாத்திப் போட்டு குருணையா எடுக்கிறது கஷ்டமான வேலை இல்ல. ஆனா டன் கணக்குல கேட்டா தான் பேசுவாங்க, எங்களுக்கு வேண்டியது இருவத்தஞ்சு கிலோ மூட்டை. நான் போன் பண்ணிக் கேட்ட ஒரு எடத்துல கன்டெயினர் எத்தனன்னு கேட்டாங்க, நான் மூட்டைன்னதும் வச்சிட்டாங்க. ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ ஒரு ஹார்ட்வெயார் கடை பத்து வேர்க்‌ஷொப்புக்கு சேத்து லொறியில எறக்குனா எல்லாருக்கும் கட்டும், மணல் விலையும் இப்ப சும்மா இல்லையே, எடுக்க பெர்மிட், கொண்டு வர பெர்மிட், வழியில நிப்பாட்டுறது வேற.

தொழிற்பயிற்சி நிலையங்கள்ல மோட்டார் மெக்கானிசம் படிக்கிற பசங்களுக்கு ப்ளாஸ்டிங்னு வரும்போது மணலைக் காட்டாம இதைக் காட்டச் சொல்லி எழுதுங்க. நெஞ்சு நோய் டொக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு, என்ன வேல பாத்தவங்களுக்கு சிலிகோசிஸ் சோதனை எடுக்கணும், எக்ஸ்ரே எடுக்க எங்க போகணும்னு ஞாயித்துக்கிழமை பக்கத்துல ஒரு அரைப் பக்கம் போட்டாலே போதும், பேப்பர் கராஜுக்கு வருது, பெயின்ட் தின்னர் தொடைக்க எடுக்க முந்தி யாராவது படிப்பாங்க. சிரட்டை மில்காரர் யாராவது இத படிச்சா, மூட்டைக் கணக்குல குடுப்பீங்களா, ரவை அளவு சலிச்சுக் குடுப்பீங்களா, கிலோ என்ன விலைன்னு இதே பக்கத்துக்கு எழுதி அனுப்புங்க, மொத மூட்டைக்கு நான் காசு கட்டத் தயார்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருவன்,
டிக்கோயா.